எத்தனையில் ஒன்று?

நிகழ்தகவுக் கணக்கை எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வி "எத்தனையில்?" என்பதுதான். விடை 1/8 என்றால் அந்த எட்டு எது? எட்டுப் பேரா, எட்டு விதமா, எட்டுத் தடவையா? பின்னத்தின் மேல் எண்ணைக் கண்டுபிடிப்பதில் யாரும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. கீழ் எண்ணில்தான் கணக்கு கவிழ்கிறது.

நடக்கக்கூடிய எல்லாவற்றையும் கொண்ட கணத்தை, அதாவது தொகுப்பை, கூறுவெளி என்கிறோம். கீழ் எண் அங்கிருந்துதான் வருகிறது. அதாவது நிகழ்தகவு என்பது கணங்களை எண்ணும் வேலை. 2018-ல் வந்த தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் கண மொழி முதல் இயல், நிகழ்தகவு கடைசி இயல். நடுவில் ஒரு வருடம் ஓடிவிடுவதால் இரண்டுக்கும் உறவு உண்டு என்பதே பிள்ளைகளுக்கு மறந்துபோகிறது. ரஷ்யக் கணித அறிஞர் கொல்மொகரோவ் 1933-ல் நிகழ்தகவுக்கு முறையான அடித்தளம் போட்டபோது கணங்களின் மேல்தான் போட்டார். கணங்களை ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாகக் காட்டும் வெண்படம் வரைந்து பழகிய கை நிகழ்தகவில் பாதி தூரம் வந்துவிட்டது என்று நான் தைரியமாகச் சொல்வேன்.

கணத்தில் வழக்கமாக வரும் கணக்கு எல்லோருக்கும் தெரியும். 50 பேரில் 30 பேர் காபி குடிப்பவர்கள், 25 பேர் டீ, 12 பேர் இரண்டும். எதையும் தொடாதவர்கள் எத்தனை பேர்? முப்பதையும் இருபத்தைந்தையும் கூட்டினால் அந்தப் பன்னிரண்டு பேரை இரண்டு தடவை எண்ணிவிடுகிறோம். ஒரு தடவை கழித்தால் 43, மீதி 7. சரி, இது பழக்கத்தில் வந்துவிடும். எனக்குப் பிடித்தது, அந்தப் பன்னிரண்டைப் போல இரண்டிலும் இருப்பவர்களின், அதாவது வெட்டுக்கணத்தின், எண்ணைச் சொல்லாமலே கேட்கப்படும் கணக்கு.

100 பேர் பரீட்சை எழுதினார்கள். தமிழில் 85 பேர் பாஸ், ஆங்கிலத்தில் 80, அறிவியலில் 75, கணக்கில் 70. நான்கிலும் பாஸானவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் படித்த பிள்ளைகள் உடனே நான்கு பின்னங்களையும் பெருக்கி 36 பேர் என்று சொல்வார்கள். அப்படிப் பெருக்க வேண்டுமானால் ஒரு பாடத்தின் முடிவு இன்னொன்றைப் பாதிக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளை அறிவியலிலும் தடுமாறுவதைப் பார்த்த யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தந்திருக்கும் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சொல்லலாம்? நிரப்பிக் கணத்துக்கு, அதாவது பாஸானவர்களை விட்டு மீதிப் பேருக்குப் போங்கள். தவறியவர்கள் 15, 20, 25, 30. எல்லாரும் வேறு வேறு ஆட்களாகவே இருந்தாலும் மொத்தம் 90-ஐத் தாண்டாது. ஆகவே குறைந்தது 10 பேர் நான்கிலும் பாஸ். கணக்கில் பாஸானவர்களே 70 பேர்தான் என்பதால் அதற்கு மேல் போக வழியில்லை. விடை 10-க்கும் 70-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

"இது ஒரு விடையா?" என்று முகம் சுளிக்கும் பிள்ளைகள் உண்டு. இதுதான் விடை. கையில் இருக்கும் தகவல் எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்று அது சரியாகச் சொல்கிறது. 36 என்ற எண் பார்க்கத் திட்டமாக இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி நாமாகப் போட்டுக்கொண்ட அனுமானம்.

அப்புறம் தாயக்கட்டை. நிகழ்தகவு சொல்லித்தர நாணயத்தையும் சீட்டுக்கட்டையும்விட இதைத்தான் நான் நம்புகிறேன். நாணயம் மிக எளிது, இரண்டே முடிவு. சீட்டுக்கட்டில் எத்தனை ராஜா, எத்தனை ராணி என்பதே பல வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அது தெரிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. தாயக்கட்டை பித்தளையில் நீளமாக, நான்கு பக்கங்களோடு இருக்கும். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டி மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். ஒன்றும் வெறுமையும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் போட்டால்தான் காய் உள்ளே இறங்கும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், நான் சொல்வது எங்கள் வீட்டு விதி.

தாயம் விழ என்ன வாய்ப்பு? அக்கா மகள் உட்கார்ந்து பட்டியல் போட்டாள். வெறுமை-வெறுமை, வெறுமை-ஒன்று, வெறுமை-இரண்டு என்று ஆரம்பித்து மூன்று-மூன்று வரை. மொத்தம் 10 வகை. அதில் தாயம் ஒன்று. "பத்தில் ஒண்ணு, சித்தி" என்றாள். பட்டியலில் எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆனாலும் விடை தவறு.

அலமாரியிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து ஒரு கட்டையின் இரண்டு முனைகளிலும் பொட்டு வைத்தேன். இப்போது ஒன்று சிவப்புக் கட்டை, இன்னொன்று வெறும் கட்டை. சிவப்பில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுவது ஒரு நிகழ்வு; சிவப்பில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுவது வேறொரு நிகழ்வு. ஒரு தாளில் நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, மேலே சிவப்பையும் பக்கவாட்டில் மற்றதையும் எழுதி, 16 கட்டங்களிலும் கூட்டுத்தொகையை நிரப்பச் சொன்னேன். தாயம் 2 கட்டங்களில் வந்தது. இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1. ஆகத் தாயத்துக்கு 2/16, அதாவது எட்டில் ஒன்று. "பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி பத்தில் ஒண்ணா இருந்துச்சு, வச்சதும் எட்டில் ஒண்ணா மாறிருச்சா?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. பொட்டு கட்டையை மாற்றவில்லை. கட்டைகள் முதலிலிருந்தே இரண்டுதான். பார்க்க ஒன்றுபோல இருந்ததால் நாம்தான் அவற்றை ஒன்றாகக் குழைத்துவிட்டோம். பத்து வகை என்பது தப்பில்லை, அந்தப் பத்தும் சம வாய்ப்புள்ளவை என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

இந்த இடத்தில் வழுக்கியவர்களில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர், 1754-ல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ மூன்றில் இரண்டு வாய்ப்பு என்று வாதாடினார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆகவே முடிவுகள் மூன்றுதான் என்பது அவர் கட்சி. அந்த மூன்றும் சம எடை கொண்டவை அல்ல. சரியான விடை நான்கில் மூன்று. அவருக்கு நூறு வருடங்களுக்கும் மேல் முன்னால், 1620 வாக்கில், கலிலியோ இதே முடிச்சை மூன்று பகடைகளில் அழகாக அவிழ்த்திருந்தார். கூட்டுத்தொகை 9 வர ஆறு வகை, 10 வரவும் ஆறு வகை. அப்படியிருக்க 10 கொஞ்சம் அதிகமாக விழுவது ஏன் என்பது அவரிடம் வந்த கேள்வி. 3-3-3 என்ற வகை ஒரே விதத்தில்தான் வரும், 2-3-4 என்பது ஆறு விதத்தில் வரும் என்று அவர் பிரித்து எண்ணினார். மொத்தம் 216-ல் ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27. இந்த நூலிழை வித்தியாசம் விளையாடியே தெரிந்துகொண்டவர்களின் கண்ணில் பட்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் பிரமிப்பு.

தாயத்துக்கு எட்டில் ஒன்று என்றால், எட்டுத் தடவை உருட்டினால் கண்டிப்பாக விழுமா? விழும் என்று மனசு சொல்லும். எட்டு முறை 1/8-ஐக் கூட்டினால் 1 வருகிறதே! காபி, டீ கணக்கில் பார்த்த அதே சிக்கல்தான் இங்கே. முதல் உருட்டலிலும் நான்காவதிலும் தாயம் விழுந்த ஆட்டங்களை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். இங்கேயும் நிரப்பிதான் கைகொடுக்கும். ஒரு முறை விழாமல் போக 7/8. எட்டு முறையும் விழாமல் போக அதை எட்டு தடவை பெருக்க வேண்டும், வருவது ஏறக்குறைய 0.34. மூன்று ஆட்டத்தில் ஓர் ஆட்டமாவது இப்படித்தான் காய் இறங்காமல் கையைப் பிசைய வைக்கும். பாதிக்கு மேல் வாய்ப்பு வேண்டுமென்றால் எத்தனை உருட்டல்? ஐந்து போதாது, அதில் விழாமல் போவதற்கே 51 சதவீதம். ஆறு வேண்டும். பிரான்சில் செவாலியே தெ மேரே என்ற சூதாட்டப் பிரியர் கணித அறிஞர் பாஸ்கலிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். ஒரு பகடையை 4 முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்று பந்தயம் கட்டினால் லாபம். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி ஓர் இரட்டை ஆறாவது விழும் என்று கட்டினால் நஷ்டம். முதலாவதில் 51.8 சதவீதம், இரண்டாவதில் 49.1. பாஸ்கலும் இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவும் 1654-ல் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் இந்தத் துறை முறையாகக் கிளம்பியது.

தேர்வில் பிள்ளைகளைப் படுத்தும் இன்னொன்றையும் தாயக்கட்டை தீர்த்துவைக்கும். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளையும், ஒன்று நடந்தது மற்றதின் வாய்ப்பை மாற்றாத சார்பிலா நிகழ்ச்சிகளையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். ஒரே உருட்டலில் தாயமும் பன்னிரண்டும் விழாது. தாயம் என்று தெரிந்த நொடியில் பன்னிரண்டின் வாய்ப்பு பூஜ்யமாகிவிடுகிறது. இதைவிட நெருக்கமான சார்பு உண்டா? சார்பின்மை இருப்பது அடுத்தடுத்த உருட்டல்களுக்கு நடுவில். ஆறு தடவை தாயம் விழாததால் ஏழாவதில் விழுந்தே தீரும் என்பது கிடையாது. ஏழாவதிலும் அதே எட்டில் ஒன்றுதான்.

இப்போது "எத்தனையில்?" என்ற கேள்வி மிகவும் அவசியப்படும் இடத்துக்கு வருகிறேன். ஒரு நோய்க்கு ரத்தப் பரிசோதனை. நோய் இருப்பவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடித்துவிடும். இல்லாதவர்களில் 5 சதவீதம் பேரைத் தவறாக இருக்கிறது என்று காட்டும். ஊரில் நூற்றுக்கு ஒருவருக்கு அந்த நோய். உங்களுக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. உண்மையிலேயே நோய் இருக்க என்ன வாய்ப்பு? தொண்ணூறு என்றுதான் கேட்ட எல்லாருக்கும் தோன்றும். இப்படிப்பட்ட கேள்விக்கென்றே இருக்கும் பேயஸ் தேற்றம் என்ற சூத்திரத்தை எழுதி எண்களைப் போட்டால் விடை வந்துவிடும், ஆனால் ஏன் என்று புரியாது. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். 10 பேருக்கு நோய், அதில் 9 பேருக்குப் பாசிட்டிவ். நோய் இல்லாத 990 பேரில் 5 சதவீதம், ஏறக்குறைய 50 பேருக்கும் பாசிட்டிவ். பாசிட்டிவ் என்ற கணத்தில் மொத்தம் 59 பேர். நோயும் பாசிட்டிவும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் 9 பேர்.

அந்த ஒன்பதைக் கவனியுங்கள். நோயாளிகளில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் என்று கேட்டால் 9/10. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்று கேட்டால் 9/59, அதாவது 15 சதவீதம். மேல் எண் இரண்டிலும் அதே ஒன்பது பேர்தான். மாறியது கீழ் எண் மட்டும். முதல் கேள்வி பரிசோதனையை உருவாக்கியவருடையது, இரண்டாவது கேள்வி கையில் முடிவை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருப்பவருடையது. இவருக்கு அவருடைய எண்ணைச் சொல்லி அனுப்புவது பெரிய கொடுமை என்றே நான் நினைக்கிறேன். பாசிட்டிவ் வந்ததை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நூற்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு பதினைந்தாக ஏறியிருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குப் போக அது போதுமான காரணம், உயில் எழுத அல்ல.

வாய்ப்பு தெரிந்துவிட்டால் முடிவு எடுத்துவிடலாமா? அங்கேதான் பாடப்புத்தகம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மறுபடி தாயத்துக்கே வருகிறேன். உங்கள் காய்கள் இரண்டு பாதுகாப்பான கட்டத்துக்கு வெளியில் நிற்கின்றன. ஒன்று இப்போதுதான் இறங்கியது, எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்கிறது. மற்றொன்று சுற்றி முடித்துப் பழமாகப் போகிறது, எதிராளிக்கு ஆறு கட்டம் முன்னால். ஒன்றை மட்டும்தான் இந்த உருட்டலில் பாதுகாப்பான கட்டத்துக்கு நகர்த்த முடியும். எதை? எதிராளிக்கு மூன்று விழ 4/16, ஆறு விழ 1/16. ஆபத்தை மட்டும் பார்த்தால் முதல் காயைத்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால் அது வெட்டுப்பட்டால் போவது ஐந்து கட்டப் பயணம். இரண்டாவது வெட்டுப்பட்டால் போவது நாற்பது கட்டம். 4/16-ஐ ஐந்தால் பெருக்கினால் 1.25, 1/16-ஐ நாற்பதால் பெருக்கினால் 2.5. இரண்டாவது காயைத்தான் நகர்த்த வேண்டும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்குக் கிடைக்கும் கூடுதல் உருட்டலைச் சேர்த்தால் ஐந்தும் தாயமுமாக ஆறு கட்டம் வந்து சேரவும் வழி உண்டு, ஆகவே இரண்டாவதின் ஆபத்து இன்னும் ஏறும். எங்கள் பெரியம்மா இதைக் கணக்குப் போடாமலே செய்வார். "பழுக்கப் போறதைப் பார்த்துக்கோ, பிஞ்சு போனா போகட்டும்" என்பார். அவர் செய்தது சரி என்பதைப் பதினாறு கட்டங்களை வைத்துக் காட்ட முடிகிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதே கணக்கு, நிஜப் பணத்தோடு, ஒவ்வொரு ஜனவரியிலும் டெல்டா மாவட்டங்களில் நடக்கிறது. சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தளர்வு கொடுத்த வருடங்களும் உண்டு, ஆனால் அதை நம்பி யாரும் நெல்லை நனைய விட முடியாது. மாலையில் வானிலை அறிக்கை, "ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்" என்கிறது. எத்தனையில்? பலர் இதை மழை வருவதற்கான வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். வானிலைத் துறையின் வழக்கில் ஓரிரு இடங்கள் என்றால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகும் என்று பொருள். அதற்கடுத்த படிகள் பாதி வரை, முக்கால் வரை, அதற்கும் மேல். அதாவது எண்ணப்படுவது இடங்கள், நாட்கள் அல்ல. நம் ஊரை மற்ற ஊர்களிலிருந்து பிரித்துப் பார்க்க வேறு தகவல் இல்லையென்றால், நம் களத்தில் மழை விழ அதிகபட்சம் நான்கில் ஒன்று என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். தார்ப்பாய் வாடகையும் மூடித் திறக்க ஆள்கூலியும் 600 ரூபாய். நனைந்தால் மறுபடி காயவைக்கும் செலவும் நெல் நிறம் மங்குவதும் சேர்ந்து 4000 ரூபாய் நஷ்டம். மூடுவதும் மூடாததும் சமமாகும் புள்ளி 600-ஐ 4000-ஆல் வகுத்தால் வரும் 15 சதவீதம். மழை வாய்ப்பு அதற்கு மேல் என்றால் மூட வேண்டும். 20 சதவீதம் என்றால் மழை வராமல் போகவே வாய்ப்பு அதிகம், ஆனாலும் மூடுவதே சரி. மூடிய இரவு மழை பெய்யாமல் விடிந்தால் "அறுநூறு ரூபாய் தண்டம்" என்று வீட்டில் பேச்சு வரும். அந்தப் பேச்சு நியாயமில்லை. முடிவு எடுத்தபோது கையில் இருந்த தகவலை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும், காலையில் தெரிந்ததை வைத்து அல்ல.

சரி, வாய்ப்பு 10 சதவீதம்தான் என்றால்? சராசரி நஷ்டம் 400 ரூபாய், மூடும் செலவு 600. மூட வேண்டாம் என்கிறது கணக்கு. ஆனால் சராசரி என்பது பல இரவுகளுக்கானது. பல நூறு மூட்டைகளைப் பல களங்களில் வைத்திருக்கும் வியாபாரிக்கு ஒரு களத்தின் நஷ்டத்தை மற்றவை ஈடுகட்டிவிடும், அவருக்கு 400 என்பது உண்மையான எண். ஒரே குவியலை வைத்துக்கொண்டு, அதை விற்றுத்தான் கூட்டுறவுக் கடனைக் கட்ட வேண்டும் என்று இருப்பவருக்கு அந்தப் பல இரவுகள் கிடையாது. கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரே தொகை, அதை இழப்பவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு எடை கொள்ளும். கடன் தவணை தவறினால் வட்டி, மறுபடி கடன் கிடைக்காமல் போவது, அடுத்த போகத்துக்கு விதை வாங்க முடியாதது எல்லாம் அந்த 4000-க்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. அவற்றையும் சேர்த்தால் அவருடைய நஷ்டம் 8000 என்று ஆகலாம், சமப் புள்ளி 7.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 10 சதவீத மழைக்கு அவர் தார்ப்பாய் வாடகைக்கு எடுப்பதைப் பார்த்துப் பயந்தாங்கொள்ளி என்று சொல்பவர்கள், வியாபாரியின் கணக்கை அவர் களத்தில் கொண்டுவந்து போடுகிறார்கள்.